கிறிப்பில் பெயர் பதிந்த பின்: கடன் நம்பிக்கையை மீளக் கட்டியெழுப்புதல்

"கிறிப்பில பெயர் விழுந்திட்டுது. இனி எந்த வங்கியும் எங்களுக்குக் கடன் தராது."

மீள்குடியேறிய கிராமங்களில் வாழ்வாதாரக் கூட்டம் நடக்கும்போது யாராவது ஒருவர் இதைச் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள், பேச்சு அத்துடன் நின்றுவிடும். அரைகுறையாக நிற்கும் வீட்டுக்குக் கூரை போட, விதைநெல் வாங்க, படகு இயந்திரம் திருத்த என்று கடன் தேவைப்படும்போது, வங்கிக்குப் போகவே துணியாமல் பலர் வட்டிக்காரரிடம் போகிறார்கள். அங்கே வட்டி பல மடங்கு.

கிறிப் பதிவைப் பற்றிய பயம் பதிவைவிடப் பெரியது என்பதை இந்தப் பாடம் விளக்குகிறது. அந்தப் பதிவை எவராலும் அழித்துத் தர முடியாது. ஆனால் அதைச் சரிபார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தலாம், உண்மை என்றால் அதன்மேல் நல்ல மாதங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். வழி இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு.

1. கிறிப் என்பது என்ன?

'கிறிப்' என்று நாம் சொல்வது இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இது அமைக்கப்பட்டது. தெற்காசியாவில் இவ்வகையில் முதலாவது நிறுவனம் இதுவே.

இதன் வேலை எளிமையானது. வங்கிகள், நிதிக் கம்பனிகள், லீசிங் கம்பனிகள் போன்ற உறுப்பு நிறுவனங்கள் தாங்கள் கொடுத்த கடன்களின் விபரத்தை மாதந்தோறும் பணியகத்துக்கு அனுப்புகின்றன. யார் எவ்வளவு எடுத்தார், எவ்வளவு மீதி, தவணை ஒழுங்காகக் கட்டப்படுகிறதா, பிந்தியிருந்தால் எத்தனை நாள் என்பன அதில் இருக்கும். கணக்கில் பணம் போதாமல் திரும்பிய காசோலைகளும் பதியப்படும். நீங்கள் புதிதாகக் கடன் கேட்கும்போது அந்த வங்கி பணியகத்திடம் உங்கள் அறிக்கையைப் பெற்றுப் பார்க்கும். உங்கள் கடன் வரலாற்றை ஒரு மூன்று இலக்கப் புள்ளியாகச் சுருக்கியும் பார்க்கும். புள்ளி கூடினால் நம்பிக்கை கூடும்.

மூன்று விடயங்களை இங்கே தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள்.

முதலாவது, கிறிப் என்பது கறுப்புப் பட்டியல் அல்ல. கடன் எடுத்த எல்லோருடைய பெயரும் அதில் இருக்கும், ஒழுங்காகக் கட்டுபவரின் பெயரும்கூட. ஆகவே "கிறிப்பில் பெயர் இருக்கிறது" என்பது தனியே ஒரு குற்றமல்ல. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே கேள்வி.

இரண்டாவது, கடன் தருவதா இல்லையா என்று கிறிப் தீர்மானிப்பதில்லை. அந்த முடிவை எடுப்பது வங்கி. ஒரு வங்கி மறுத்ததை இன்னொரு வங்கி வேறு விதமாகப் பார்க்கலாம்.

மூன்றாவது, அது பொலிஸ் பதிவும் அல்ல, நீதிமன்றத் தீர்ப்பும் அல்ல. "கிறிப்பில் போட்டுவிடுவோம், பொலிஸ் வரும்" என்று யாராவது உங்களை வெருட்டினால், அவர் இரண்டு வேறு விடயங்களைக் கலந்து சொல்கிறார்.

2. முதலில் உங்கள் அறிக்கையை எடுங்கள்

பலர் தங்கள் அறிக்கையைக் கண்ணால் கண்டதே இல்லை. கடன் அலுவலர் ஒருவர் வாயால் சொன்னதை வைத்துப் பல வருடம் ஒதுங்கி இருக்கிறார்கள். உங்களைப் பற்றிய அறிக்கையைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

தேசிய அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் வங்கிக் கிளைக்குச் செல்லுங்கள். "என்னுடைய சொந்தக் கிறிப் அறிக்கையைப் பெற விண்ணப்பிக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். பணியகத்தின் இணையத்தளம் ஊடாகவும் விண்ணப்பிக்கலாம். இணையத்தில் பழக்கமில்லை என்றால் நம்பிக்கையான ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையையோ தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தையோ வேறு எவருக்கும் கொடுக்க வேண்டாம். ஒரு கட்டணம் உண்டு. அதை விண்ணப்பிக்கும் இடத்தில் கேட்டு, பற்றுச்சீட்டுப் பெறுங்கள்.

அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தால் தயங்க வேண்டாம். வங்கி உத்தியோகத்தரிடமோ எமது கள அலுவலரிடமோ ஒவ்வொரு வரியாக விளக்கம் கேளுங்கள். பின்வரும் ஐந்தையும் கட்டாயம் பாருங்கள்.

அ. பெயரும் அடையாள அட்டை இலக்கமும். இடப்பெயர்வில் அடையாள அட்டையைத் தொலைத்துப் புதிதாக எடுத்தவர்கள் எங்கள் பகுதிகளில் ஏராளம். ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய இலக்கத்துக்குப் பதிலாகப் பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட புதிய இலக்கம் வந்தவர்களும் இருக்கிறார்கள். ஒரே பெயர், ஒரே முதலெழுத்து உள்ள இருவர் ஒரே ஊரில் இருப்பதும் சாதாரணம். உங்களுடையது அல்லாத கடன் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆ. நீங்கள் கட்டி முடித்த கடன்கள். அவை முடிந்ததாகக் காட்டப்படுகின்றனவா, அல்லது ஒரு சிறு தொகை இன்னும் நிலுவையாக நிற்கிறதா? கடைசித் தவணையுடன் சேர்ந்த தண்டப்பணம் சில நூறு ரூபா கட்டப்படாமல் விடுபட்டு, வருடக்கணக்காக நிலுவையாக ஓடுவது உண்டு.

இ. பிணை நின்ற கடன்கள். நீங்கள் ஒரு சதம்கூட எடுக்காத கடனும் உங்கள் அறிக்கையில் இருக்கலாம். பிணையாளி என்று கையொப்பம் இட்டிருந்தால் அந்தக் கடனின் நிலை உங்களையும் தொடும்.

ஈ. பறிமுதலான வாகனங்கள். லீசிங்கில் எடுத்த ஓட்டோவையோ உழவு இயந்திரத்தையோ கம்பனி எடுத்துக்கொண்டு போய்விட்டால் கணக்கு முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கம்பனி வாகனத்தை விற்ற தொகை கடன் மீதியைவிடக் குறைவாக இருந்தால், குறையும் தொகை உங்கள் பெயரிலேயே நிற்கும். எவ்வளவுக்கு விற்றார்கள், எவ்வளவு மீதி என்று எழுத்தில் கேளுங்கள்.

உ. "தள்ளுபடி" என்று சொல்லப்பட்ட கடன்கள். 2018ஆம் ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்நிதிக் கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அதில் உங்கள் கடனும் சேர்ந்தது என்று கேள்விப்பட்டிருந்தால், கேள்விப்பட்டதோடு விடாமல் அறிக்கையில் அது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒரு நிறுவனம் தன் கணக்குப் புத்தகத்தில் கடனைப் 'பதிவழிப்பு' செய்வது வேறு, உங்களுக்குக் கடனை மன்னிப்பது வேறு. பதிவழிப்புச் செய்த கடனையும் நிறுவனம் தொடர்ந்து கேட்கலாம்.

3. அறிக்கையில் பிழை இருந்தால்

பிழையைக் கண்டதும் மனம் தளர வேண்டாம். பிழை என்பது திருத்தக்கூடியது. இங்கே ஒரு முக்கியமான விடயம்: பணியகம் தானாக எதையும் மாற்றாது. தகவலை அனுப்பிய நிறுவனமே அதைத் திருத்தி அனுப்ப வேண்டும். ஆகவே முதலில் அந்தக் கிளைக்கு எழுத்தில் அறிவியுங்கள். பணியகத்திடமும் முறைப்பாட்டுப் படிவம் கொடுக்கலாம். பணியகம் அதை அந்த நிறுவனத்துக்கு அனுப்பி விளக்கம் கேட்கும்.

உங்கள் கையில் இருக்கும் தடயங்களே உங்கள் பலம்: பற்றுச்சீட்டுகள், தவணை அட்டை, வங்கிப் புத்தகம், பழைய கடிதங்கள். மூலப் பிரதியை ஒருபோதும் கொடுக்க வேண்டாம், போட்டோக் கொப்பி மட்டும் கொடுங்கள். உங்கள் கடிதத்தின் இரண்டாவது பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று திகதியுடன் கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள்.

பற்றுச்சீட்டெல்லாம் இடப்பெயர்வில் அழிந்துவிட்டதா? அப்படியானால், நீங்கள் எந்த வருடங்களில் கட்டினீர்கள் என்று குறிப்பிட்டு, கிளையின் கணக்குக் கூற்றை எழுத்தில் கோருங்கள். இடப்பெயர்ந்திருந்த காலத்தை உறுதிப்படுத்தும் கிராம அலுவலரின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அது கடனை இல்லாமல் செய்யாது. ஆனால் நீங்கள் ஏமாற்றி ஓடியவர் அல்ல என்பதைக் காட்டும். முகாமையாளர் தண்ட வட்டி பற்றிப் பேசும்போது அது உதவும்.

4. நிலுவை உண்மையானால்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். ஓர் உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்.

மாத வருமானம்: கடற்றொழிலில் சராசரியாக 45,000 ரூபா, கோழி வளர்ப்பில் 9,000 ரூபா. மொத்தம் 54,000 ரூபா.
தவிர்க்க முடியாத செலவு: சாப்பாட்டுக்கு 28,000, பிள்ளைகளின் படிப்பும் போக்குவரத்தும் 8,000, மின்சாரம், மருந்து, தொலைபேசி 6,000. மொத்தம் 42,000 ரூபா.
கடனுக்கு மிஞ்சுவது: 12,000 ரூபா.

கட்ட வேண்டிய தவணைகள்: லீசிங் மாதம் 9,500 ரூபா. முதலாவது நுண்நிதிக் கடன் கிழமைக்கு 1,500, அதாவது மாதம் ஏறக்குறைய 6,500 ரூபா. இரண்டாவது நுண்நிதிக் கடன் கிழமைக்கு 1,200, மாதம் ஏறக்குறைய 5,200 ரூபா. மொத்தம் 21,200 ரூபா.

மாதாமாதம் 9,200 ரூபா குறைகிறது. இந்தக் குடும்பம் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் யாரோ ஒருவருக்குத் தவணை பிந்தவே செய்யும். இது ஒழுக்கத்தின் பிரச்சினை அல்ல, கணக்கின் பிரச்சினை.

இப்படியான நிலையில் நாம் வழமையாக என்ன செய்கிறோம்? வாசலுக்கு வருபவருக்கு முதலில் கொடுக்கிறோம். கிழமைக்கு ஒருமுறை கடன் அலுவலர் வந்து அயலவர் முன்னிலையில் இருந்துவிட்டால், வெட்கத்தில் கையில் உள்ளதைக் கொடுத்துவிடுகிறோம். கடிதம் மட்டும் அனுப்பும் வங்கிக்கு "பிறகு பார்ப்பம்" என்று விடுகிறோம். அந்தக் கடிதத்தில் உள்ள கடன்தான் அமைதியாக 30 நாள், 60 நாள், 90 நாள் என்று அறிக்கையில் ஏறுகிறது. அடுத்து, குறையும் 9,200 ரூபாவை நிரப்ப மூன்றாவது நுண்நிதிக் கடனுக்குக் கையொப்பம் இடுகிறோம். அடுத்த மாதம் குறைவது 9,200 அல்ல, அதைவிடக் கூட.

இதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியது:

படி 1. எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள். யாரிடம், எவ்வளவு மீதி, தவணை எவ்வளவு, எத்தனை நாள் பிந்தியது, என்ன பிணை, யார் பிணையாளி. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து இருந்து எழுதுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் எடுத்த கடன் இந்தத் தாளில்தான் வெளிவரும். அன்று சண்டை பிடிக்காமல் எழுதி முடிப்பதே பெரிய வேலை.

படி 2. கடனுக்கு எவ்வளவு கட்ட முடியும் என்று உண்மையாகக் கணக்கிடுங்கள். மேலே உள்ள குடும்பத்துக்கு மிஞ்சுவது 12,000. அதில் 2,000 ரூபாவைக் காய்ச்சல், கடல் கொந்தளிப்பு போன்றவற்றுக்கு வைத்துவிட்டு, 10,000 ரூபா கட்டலாம்.

படி 3. கடன் தந்தவர்கள் எல்லோரிடமும் போய்ப் பேசுங்கள். உங்கள் தாளைக் காட்டி, கடனை மறுசீரமைக்கக் கேளுங்கள். மறுசீரமைப்பு என்றால் காலத்தை நீட்டித் தவணையைக் குறைப்பது. இந்தக் குடும்பம் லீசிங்குக்கு மாதம் 5,000, முதலாவது நுண்நிதிக்கு 3,000, இரண்டாவதுக்கு 2,000 என்று கேட்கலாம். வருமானம் போகத்தில் மட்டும் வருகிறதென்றால் அதையே சொல்லுங்கள்: "மாதத் தவணை எங்களுக்குப் பொருந்தாது. காலபோக அறுவடை முடிய, மாசி பங்குனியில் பெரிய தவணை கட்டுகிறோம், மற்ற மாதங்களில் வட்டியைக் கட்டுகிறோம்." தண்ட வட்டியைக் குறைக்கவும் கேளுங்கள். கேட்பதில் தவறு இல்லை.

படி 4. ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் "சரி, பார்ப்பம்" என்றது அடுத்த அலுவலர் வந்தால் செல்லாது. ஆவணத்தைத் தமிழில் தருமாறு கேளுங்கள். விளங்காமல் கையொப்பம் இட வேண்டாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. காலம் நீண்டால் மொத்த வட்டி கூடும். கடன் மறுசீரமைக்கப்பட்டது என்பதும் அடுத்த கடன்காரருக்குத் தெரியக்கூடும். ஆனாலும் புதிய தவணையை மாதந்தோறும் ஒழுங்காகக் கட்டும் கடன், கட்டாமல் விட்ட கடனைவிடப் பல மடங்கு நல்லது.

எல்லோரும் ஒத்துக்கொள்ளாவிட்டால் எதை முதலில் கட்டுவது? மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதைக் கட்டாவிட்டால் உழைக்கும் வாகனமோ காணி உறுதியோ போகும்? எதைக் கட்டாவிட்டால் பிணை நின்ற அயலவர் அல்லது குழுவில் உள்ள பெண்கள் மாட்டுப்படுவார்கள்? எதற்கு வட்டி ஆகக் கூட? இந்த மூன்றுமே உங்கள் வரிசையைத் தீர்மானிக்கட்டும். வாசலில் சத்தம் போடுபவர் தீர்மானிக்கக் கூடாது.

5. செய்யக்கூடாத மூன்று

கடன் கட்டக் கடன் எடுக்க வேண்டாம். விதிவிலக்கு ஒன்றுதான்: பல கடன்களை ஒன்றாக்கி, குறைந்த வட்டியில், குறைந்த தவணையில் ஒரு வங்கியோ கடனுதவு கூட்டுறவுச் சங்கமோ தந்தால், கணக்குப் பார்த்துவிட்டு எடுக்கலாம்.

"கிறிப்பைக் கிளியர் பண்ணித் தருவம்" என்பவரிடம் போக வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு பதிவை அழித்துத் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. உண்மையான பதிவை அழிக்கும் அதிகாரம் எந்தத் தரகருக்கும் இல்லை. பிழையான பதிவைத் திருத்தத் தரகர் தேவையில்லை. இரண்டு விதத்திலும் அந்தக் காசு வீண். அதைவிட ஆபத்து, உங்கள் அடையாள அட்டைப் பிரதியும் கையொப்பமும் அவர் கையில் போவது.

ஒரே நேரத்தில் பல இடங்களில் கடன் கேட்டு அலைய வேண்டாம். ஒரு நிறுவனம் உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்ப்பதும் பதிவாகிறது. குறுகிய காலத்தில் பலர் பார்த்திருந்தால், "இவர் எங்கும் கிடைக்காமல் அலைகிறார்" என்று அடுத்தவர் நினைக்க இடமுண்டு. நீங்களே உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்ப்பது இப்படியான தேடல் அல்ல. அதற்குப் பயப்பட வேண்டாம்.

6. நிலுவை தீர்ந்த பின்

கடைசித் தவணை கட்டிய அன்று இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, "இந்தக் கடன் முழுமையாகத் தீர்க்கப்பட்டது" என்ற கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனம் குறைந்த தொகைக்கு இணங்கியிருந்தால், "இது முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு" என்று பணம் கட்டுவதற்கு முன்னரே எழுத்தில் வாங்க வேண்டும். இரண்டு, பிணையாகக் கொடுத்த உறுதி, வாகனப் புத்தகம், காசோலை எல்லாவற்றையும் திரும்பப் பெறுங்கள்.

தகவல் மாதந்தோறுமே அனுப்பப்படுகிறது. ஆகவே அடுத்த நாளே அறிக்கை மாறாது. இரண்டொரு மாதம் கழித்து மீண்டும் ஓர் அறிக்கை எடுத்து, கடன் முடிந்ததாகக் காட்டப்படுகிறதா என்று பாருங்கள். பிந்திய காலம் சிறிது காலத்துக்கு வரலாற்றில் தெரியும். அது அப்படித்தான். ஆனால் வங்கி முகாமையாளர் பார்ப்பது பழைய மாதங்களை மட்டுமல்ல, அதற்குப் பின் வந்த மாதங்களையும்தான்.

அந்தப் பிந்திய மாதங்களை நல்லதாக்குவது எப்படி?

ஒரே வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கை ஒழுங்காகப் பாவியுங்கள். மீன் விற்ற காசு, நெல் விற்ற காசு, வெளிநாட்டில் உள்ள உறவினர் அனுப்பும் காசு எல்லாம் அந்தக் கணக்கினூடாகப் போகட்டும். சேமிப்பு கிறிப் அறிக்கையில் வராது. ஆனால் உங்களுக்கு வருமானம் உண்டு என்பதற்கு வங்கிக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

அடுத்த கடனைச் சிறிதாக, உண்மையான தேவைக்கு மட்டும் எடுங்கள். சிறு நிலையான வைப்பு ஒன்று இருந்தால் அதையே பிணையாக வைத்துக் கடன் கேட்கலாம். வங்கிக்கு அதில் ஆபத்துக் குறைவு. எடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் கடனின் விபரம் கிறிப்புக்கு அனுப்பப்படுமா?" ஊரில் போடும் சீட்டை நீங்கள் பத்து வருடம் ஒழுங்காகக் கட்டினாலும் கிறிப்புக்குத் தெரியாது. பணியகத்துக்குத் தகவல் அனுப்பும் நிறுவனத்தில் கட்டும் தவணைதான் உங்கள் அறிக்கையில் நல்ல மாதமாக ஏறும். அதேவேளை, புள்ளியைக் கூட்டுவதற்காக மட்டும் தேவையில்லாத கடன் எடுப்பது புத்திசாலித்தனம் அல்ல.

தவணைத் திகதிக்கு இரண்டு நாள் முந்திக் கட்டுங்கள். விடுமுறை, போயா தினம், பஸ் ஓடாத நாள் எல்லாம் நம் நாட்டில் உண்டு. ஒரு மாதம் கட்ட முடியாமல் போகும் என்று தெரிந்தால், திகதி வருவதற்கு முன்னரே கிளைக்குச் சொல்லுங்கள். முன்கூட்டியே வருபவருடன் பேசுவது முகாமையாளருக்கும் எளிது.

7. பிணை நின்றவர்களும் காணாமற்போனவர்களின் குடும்பங்களும்

பிணை நின்றவர் முதலில் அறிய வேண்டியது: கடன் எடுத்தவர் கட்டாவிட்டால் நிறுவனம் உங்களிடம் கேட்கலாம். "கையொப்பம் மட்டும்தானே" என்பது சட்டத்தில் இல்லை. உங்கள் பெயரில் இப்படி ஒரு கடன் நிலுவையில் இருந்தால், கடன் எடுத்தவரையும் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போய் மூவரும் இருந்து பேசுங்கள். இனி யாராவது பிணை கேட்டால், அந்தத் தவணையை நீங்களே கட்ட வேண்டி வந்தாலும் தாங்குமா என்று கணக்குப் பார்த்த பின் பதில் சொல்லுங்கள். தாங்காது என்றால் மறுப்பது உறவுக்குச் செய்யும் துரோகம் அல்ல.

கணவரோ மகனோ காணாமற்போன குடும்பங்களுக்கு வேறொரு சுமை உண்டு. அவர் பெயரில் எடுத்த கடனுக்கு யார் பொறுப்பு? அவர் தனியே எடுத்த கடன் உங்கள் கிறிப் அறிக்கையில் உங்கள் கடனாகப் பதியப்படுவதில்லை. நீங்கள் கூட்டாகக் கையொப்பம் இட்டிருந்தால் அல்லது பிணை நின்றிருந்தால் மட்டுமே பதியும். ஆனால் அவருடைய சொத்தின் மீது கடன்காரருக்கு உள்ள உரிமை வேறு விடயம். அது தேசவழமை உட்பட்ட சட்டங்களைப் பொறுத்தது. ஆகவே "நீங்கள்தான் கட்ட வேண்டும்" என்று நீட்டப்படும் எந்தத் தாளிலும் உடனே கையொப்பம் இட வேண்டாம். மாவட்டத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் முதலில் ஆலோசனை பெறுங்கள்.

வங்கி அலுவல்களுக்கு மரணச் சான்றிதழ் கேட்கப்படும்போது, அதை எடுக்க மனம் ஒப்பாதவர்கள் பலர். அதைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்றில்லை. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒருவர் காணாமற்போயுள்ளார் என்பதற்கான சான்றிதழைப் பெற வழி செய்யப்பட்டுள்ளது. அதை எடுப்பது அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் ஏற்றுக்கொள்வதாக ஆகாது. விபரத்தை உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

8. நியாயம் கிடைக்காவிட்டால்

முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். பதில் வராவிட்டால் அல்லது பதில் திருப்தி தராவிட்டால், இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் வாடிக்கையாளர் உறவுகள் திணைக்களத்துக்கு முறைப்பாடு செய்யலாம். தொலைபேசி இலக்கம் 1935. நிறுவனத்துக்கு நீங்கள் எழுதிய கடிதத்தின் பிரதியை அங்கே கேட்பார்கள். ஆகவேதான் பிரதி வைத்திருக்கச் சொல்கிறோம். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, திருகோணமலை ஆகிய இடங்களில் மத்திய வங்கியின் பிரதேச அலுவலகங்கள் உள்ளன. நிதியியல் குறைகேள் அதிகாரியிடமும் முறையிடலாம்.

வீட்டு வாசலில் நின்று ஏசுவது, இரவில் வருவது, பெண்களை அவமதிப்பது என்பன கடன் அறவிடும் முறைகள் அல்ல. வாடிக்கையாளரைக் காக்க மத்திய வங்கியின் கீழ் 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நிதியியல் வாடிக்கையாளர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் நடைமுறையில் உள்ளன. கடன் இருப்பதால் உங்கள் மரியாதை குறைந்துவிடாது. நடந்ததைத் திகதி, நேரம், சாட்சியுடன் எழுதி வையுங்கள்.

மாதிரிக் கடிதம்

(இடைவெளிகளை நிரப்பி, இரண்டு பிரதிகள் எழுதுங்கள்.)

திகதி: ..............

முகாமையாளர்,
.............. கிளை.

ஐயா / அம்மணி,

கடன் கணக்கு இலக்கம் .............. தொடர்பானது

மேற்படி கடனை .............. ஆம் ஆண்டு பெற்றேன். .............. காரணமாகத் தவணைகளை ஒழுங்காகச் செலுத்த முடியவில்லை. கடனைத் தீர்க்கவே விரும்புகிறேன். எனது வருமானமும் செலவும் கொண்ட தாளை இத்துடன் இணைத்துள்ளேன். அதன்படி மாதம் .............. ரூபா வீதம் .............. ஆம் திகதியிலிருந்து என்னால் செலுத்த முடியும்.

ஆகவே, இக்கடனை மறுசீரமைத்து, தண்ட வட்டியைக் குறைத்துத் தருமாறும், தற்போதைய மீதியைக் காட்டும் கணக்குக் கூற்றைத் தமிழில் தருமாறும் தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பெயர், முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம், கையொப்பம்

குழுவில் கலந்துரையாட

1. நீங்கள் யாருக்காவது பிணை நின்றிருக்கிறீர்களா? அந்தக் கடன் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?
2. உங்கள் வீட்டு வருமானம் எந்த மாதங்களில் கூட, எந்த மாதங்களில் குறைவு? அதற்கேற்ற தவணை எப்படி இருக்க வேண்டும்?
3. பாடத்தில் உள்ள குடும்பத்துக்கு மாரி காலத்தில் ஒரு மாதம் கடல் இல்லாமல் போனால், அவர்கள் யாரிடம், எப்போது பேச வேண்டும்?

இந்தக் கிழமை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கடன் தாளை எழுதுங்கள். எழுதியதும் அதை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள். தனியே போகத் தயக்கம் என்றால் எமது கள அலுவலரிடம் சொல்லுங்கள், உங்களுடன் கூட வருவார்.